நாலு பாஸ்போட்

மைலோ ரின்னுக்குள் கிடந்ததெல்லாம்
பாயில் கொட்டினேன்.
மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த கலியாணப் பதிவு,
மஞ்சளித்த ஐசி,
மகனின் தடுப்பூசி அட்டை,
ஓமந்தையில் காட்டிய பாஸ் ஒன்று.
அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன், தெரியாது.

வேளாங்கண்ணிக்கு நேர்த்தி.
றெக்சனுக்கு டெங்கு முற்றின இரவு
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிப் படிக்கட்டில் இருந்து வைத்தது.
நாலு பேருமாய் வருவம் மாதாவே என்றேன்.
எண்ணிக்கை சொல்லியிருக்கக் கூடாது.

பிறப்புப் பத்திரத்தில் அவர் எமிலியானுஸ்.
ஐசியில் எமிலியான்.
கலியாணப் பதிவில், எழுதினவரின் அவசரத்தில், வெறும் எமில்.
"இதிலை ஆர் அம்மா உங்கடை மனுசன்?"
கச்சேரியில் கேட்ட பிள்ளை சிரிக்கவில்லை.
நானும் சிரிக்கவில்லை.
மூன்று பேரும் ஒராள்தான் என்று
சத்தியக் கடதாசி முடித்துத் தந்த சட்டத்தரணி
மூவாயிரம் வாங்கினார்.
ஆளுக்கு ஆயிரம்.

டிலுக்சியின் பத்திரம் வேறு கதை.
பிறந்த இடம்: செட்டிகுளம், நலன்புரி நிலையம், வலயம் நாலு.
"இது எந்த ஊரம்மா?"
ஊரில்லைப் பிள்ளை, கூடாரம் என்றேன்.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு,
நல்ல கூடாரம்,
ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகும் என்றேன்.

பேரெல்லாம் சரிவந்த நாளில்
விரல் சரிவரவில்லை.
கண்ணாடியில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள்.
சிவப்பு லைற்.
துடைத்து வைக்கச் சொன்னார்கள்.
சிவப்பு.
மற்றக் கை. சிவப்பு.
முப்பது வருசம் தங்கூசி வலை இழுத்த விரல்.
நண்டு கடித்த தழும்பு வடிவாய் விழுகிறது,
ரேகை விழவில்லை.
"ஒரு மாதம் கடலுக்குப் போகாதேங்கோ அண்ணை.
எண்ணெய் பூசுங்கோ. தோல் வரும்."

ஒரு மாதம்
பகலிலும் இரவிலும் வீட்டில் ஒரு ஆம்பிளை.
எங்கே நின்றாலும் அவர்மேல் முட்டினேன்.
தேங்காய் துருவ வந்தால் நான் பறிப்பேன்,
கிணற்றுக் கயிற்றை மகள் பறிப்பாள்.
இருட்டினதும் விரல்களுக்கு எண்ணெய் போட்டு
பழஞ்சீலை சுற்றிவிட,
கரையில் எஞ்சின் ஸ்ராட் ஆகும் சத்தங்களுக்குக்
காது கொடுத்துக்கொண்டிருப்பார்.
இது மில்றோயின்ரை.
இது செபநேசன்ரை, பிளக் பழுது.
அந்த மாதம்
மாதகல் சந்தையில் நான் மீன் வாங்கினேன்,
கடனுக்கு,
தலையைக் குனிந்தபடி.

இருபத்தெட்டாம் நாள் பச்சை விழுந்தது.
அவர் கையை எடுக்கவில்லை.
"சரி அண்ணை, எடுங்கோ."

காங்கேசன்துறையில் ஏறின கையோடு
றெக்சன் சத்தி எடுத்தான்.
மடியில் பை. நிமிசத்துக்கொருக்கால் தடவினேன்,
ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு.
ஒரு மணித்தியாலம் போயிருக்கும்,
அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார்.
"இஞ்சைதான்."
என்னது?
"எங்கடை பக்கம் முடியுது."
தண்ணிதான் தெரிந்தது, தண்ணிக்கப்பால் தண்ணி.
டிலுக்சி போனை எடுத்துப் பார்த்தாள்.
நீலப் புள்ளி அந்தக் கோட்டில் நின்றது.
"எப்பிடியப்பா தெரியும்?"
போன மாசியில்
அக்கரை றோலர் ஒன்று எங்கள் வலையை
ஒரு முழம் மிச்சமில்லாமல் அள்ளிப்போன இடம் அது.
"தெரியும்" என்றார்.
பக்கத்து இருக்கை அம்மா, நாகப்பட்டினத்துக்காரி,
முறுக்குப் பொட்டலத்தை நீட்டினா.
யோசித்து
ரெண்டு எடுத்தார்.

இறங்கினதும் வரிசை.
எங்களுக்கு முன்னால் ஆறு பேர்.
அங்கேயும் ஒரு கண்ணாடி,
அதே மாதிரி லைற்.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை இன்னும்.
அவர் புது லோங்ஸில்
பெருவிரலைத் துடைக்கத் தொடங்கினார்.